கார்டு வாங்குமுன் வீட்டில் அளக்க வேண்டியவை

என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு பட்டியலைக் கடைக்குக் கொண்டுவந்தான். புதிய கேமிங் கணினி, மானிட்டரோடு சேர்த்து 1,20,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கியிருந்தான். "மாமா, கார்டை மட்டும் பெரியதாக வாங்கிவிடலாம். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

நான் திருச்சியில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவன். இரவில் கடையைச் சாத்திய பிறகு ஒரு மணி நேரம் விளையாடுபவனும்கூட. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவைதாம் புகைந்துபோய் என் மேசைக்கு வருகின்றன. பட்டியலை மடித்து வைத்துவிட்டு அவன் கையில் அளவு டேப்பைக் கொடுத்தேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது மானிட்டரை. கார்டு உழைப்பது அதன் புள்ளிகளை நிரப்பத்தான். 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்றால் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. இவன் பட்டியலில் 4கே மானிட்டர் இருந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் கார்டு இந்தப் பணத்தில் வராது. அதை அடித்துவிட்டு 27 அங்குல 1440 திரை, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) என்று எழுதினேன். முகம் சுருங்கியது, பரவாயில்லை.

அடுத்து, என்ன விளையாடப்போகிறான்? வேலரன்ட் போன்ற ஆட்டங்கள் மிக இலகுவானவை; நடுத்தரக் கார்டிலேயே பறக்கும். எல்டன் ரிங் கணினியில் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு மேல் போகாதபடி கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்காக விலை உயர்ந்த கார்டு வாங்குவது வீண். மறுபுறம், 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காது. விளையாட விரும்பும் ஐந்து ஆட்டங்களின் பெயரைத் தாளில் எழுதச் சொன்னேன். அவற்றில் கனமான இரண்டுக்குப் போதுமான கார்டைத் தேடினால் மற்ற மூன்றும் தாமாக ஓடும்.

இனி நினைவகம். கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் மேடையில் எல்லாம் இருந்தால் வேலை ஓடும். மேடை நிறைந்துபோய், பருப்புக்கு ஒருமுறை புளிக்கு ஒருமுறை பின்கட்டுக்கு ஆள் அனுப்பினால் அடுப்பு காத்துக்கிடக்கும். கார்டின் சொந்த நினைவகம்தான் மேடை. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்கிறது. அதன் 8 ஜிபி நிறைந்துவிட்டால் மதர்போர்டு வழியாகக் கணினியின் ரேமுக்குப் போக வேண்டும். அந்த வழியின் வேகம் நொடிக்கு 16 ஜிபிதான். திரையில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம் திடீரென்று திக்கும், அல்லது எதிரே உள்ள செங்கல் சுவர் களிமண் பூசியதுபோல் மங்கலாக நிற்கும். 1080 திரைக்கு 8 ஜிபி இன்னும் ஒப்பேறும். 1440 திரையில் நாலைந்து ஆண்டு ஓட்ட நினைப்பவர் இன்று 8 ஜிபி வாங்கக் கூடாது. 12 குறைந்தபட்சம், 16 நிம்மதி.

ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறார்கள் என்பதால் பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகையில் 8 ஜிபி வகையைவிட நினைவகம் மட்டுமல்ல, கணக்கிடும் கோர்களும் குறைவு: 2560க்குப் பதில் 2304. ஜிடி 1030 இதைவிட மோசம். அதன் டிடிஆர்4 வகைக்கு, ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகத்தில் பாதிகூட இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகின்றன. முழுப் பெயரையும் ஜிபியையும் சேர்த்துப் படித்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் ஃபிரேம் கணக்கையும் அப்படியே விழுங்கக் கூடாது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090க்கு நிகரான வேகம் தரும் என்றார். உண்மையான ஃபிரேம்களுக்கு இடையே செயற்கை நுண்ணறிவு நுழைக்கும் ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு அது. படம் வழுவழுப்பாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையில் 30 ஃபிரேம்தான் வருகிறது என்றால் கை மவுஸை அசைத்ததும் திரை அசைவதில் அந்த மந்தம் அப்படியே இருக்கும். சோதனைகளைப் படிக்கும்போது இந்த வசதியை அணைத்துவிட்டு எடுத்த எண்ணைத் தேடுங்கள்.

இனி என் தொழில். கார்டின் வாட் அளவைப் பலர் படிப்பதே இல்லை. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். 8 பின் கேபிள் ஒன்று 150 வாட் தரும். இவனுக்கு நான் மனத்தில் வைத்திருந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட். ரைசன் 5 7600 பிராசசர் முழு மூச்சில் 88 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 50 என்று வையுங்கள். ஏறக்குறைய 300 வாட். கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் தானே விழுங்குவதையும் கூட்டினால் சுவரிலிருந்து 340, மானிட்டருக்கு 30, ஆக 370.

அக்கா வீட்டில் இருப்பது 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) யுபிஎஸ். 600 என்று பார்த்தவுடன் போதும் என்று தோன்றும். இந்த வகை யுபிஎஸ்களில் பெரும்பாலானவை விஏவில் 60 சதவீதத்தைத்தான் வாட்டாகத் தரும், அதாவது 360. பத்து வாட் வித்தியாசம்தானே என்று விட்டால், ஆட்டத்தின் உச்சத்தில் மின்சாரம் போகும்போது அது ஒருமுறை கீச்சிட்டுவிட்டு மொத்தத்தையும் அணைத்துவிடும். "யுபிஎஸ் இருந்தும் அணைந்துவிட்டது, பேட்டரி போச்சு" என்று கொண்டுவருவார்கள். கழற்றிப் பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருக்கும். இவனுக்கு 1100 விஏ வாங்கினோம். எஸ்எம்பிஎஸ் 550 வாட், நல்ல தரத்தில். இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து அதைக் கார்டில் போடுவது, தளத்துக்கு வண்ணம் பூசக் கம்பியில் மிச்சம் பிடிப்பதுபோல.

டேப்பை எதற்குக் கொடுத்தேன் என்றால், 2021இல் நான் பட்ட பாட்டுக்காக. மூன்று ஃபேன் கார்டு ஒன்றை ஆசையாக வாங்கிவந்தேன். என் பழைய கணினிக் கேபினெட்டுக்குள் நுழைத்தால், முன்புறம் ஹார்ட் டிஸ்க் மாட்டும் தகரக் கூட்டில் இரண்டு சென்டிமீட்டர் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூட்டின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்தேன். தகரத் தூள் மதர்போர்டில் விழாமலிருக்க என் மனைவி பழைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அன்று பேசியதை இங்கே எழுத முடியாது. கேபினெட்டின் விவரத்தில் கார்டு நீளம் எத்தனை மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கும். கார்டின் நீளத்தைவிட 20 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். தடிமனையும் பாருங்கள், இரண்டரை ஸ்லாட் கார்டு பக்கத்து ஸ்லாட்டை மூடிவிடும்.

முகப்பில் முழுக் கண்ணாடி போட்டு, காற்று புக வழியில்லாத கேபினெட் எங்கள் ஊருக்கு ஆகாது. ஏசி அறையில் 65 டிகிரியில் ஓடும் கார்டு, 38 டிகிரி அறையில் 80ஐத் தொடும். சூடு ஏற ஏறத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வலை முகப்பு, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

பழைய கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஓட்டிப் பார்த்து. 2022 செப்டம்பரில் கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு எத்தீரியம் என்ற மின்நாணயத்தை ஈட்டும் 'சுரங்க' வேலை நின்ற பிறகு, அதில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஓட்டி ஃபேன் சத்தத்தையும் வெப்பத்தையும் கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள்; பழைய சில்லின் பயாஸை (கார்டு இன்னதென்று சொல்லும் உள் மென்பொருளை) மாற்றிப் புதிய பெயரில் விற்கும் போலிக் கார்டுகளைப் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இவனுக்குப் புதியதே வாங்கினோம். 9060 எக்ஸ்டி 16 ஜிபியின் அறிமுக விலை 349 டாலர். 5060 டிஐ 16 ஜிபி 429. நம் ஊர் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறும், ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். படிப்புக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்களை ஓட்ட வேண்டும் என்றிருந்தால் என்விடியாவுக்கே பணம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். அந்தத் துறை என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருளை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. இவன் சிவில் படிக்கப்போகிறான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் பில் இல்லாமல் 1,500 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார். மூன்றாண்டு உத்தரவாதத்தை 1,500 ரூபாய்க்கு விற்க எனக்கு மனமில்லை. வேறு கடையில், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றே என்று மூன்று முறை சரிபார்த்து வாங்கினோம்.

எல்லாம் மாட்டிய அன்று இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. "மாமா, ஆட்டம் நகரவே இல்லை. ஸ்லைடு காட்டுவதுபோல் ஓடுகிறது. கார்டு பழுதுபோல" என்று அழாத குறையாகச் சொன்னான். கணினிக்குப் பின்னால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தது; பிராசசருக்குள் இருக்கும் பொடி கிராபிக்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே கார்டில் மூன்று துளைகளும் காலியாக இருந்தன. கேபிளைக் கார்டுக்கு மாற்று, பிறகு விண்டோஸ் அமைப்பில் போய் 60 ஹெர்ட்ஸை 144 ஆக்கு என்றேன். அதன் பிறகு அவனிடமிருந்து மூன்று நாள் போனே வரவில்லை.