குழந்தைக் கார் சீட்டை ஆட்டமில்லாமல் கட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். 2015-இல் வந்த விதி. டர்பனில் பாட்டி மடியில் கோயிலுக்குப் போகிற பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. மோதலில் எந்தக் கையும் தாங்காது.

சீட்டின் லேபிளில் ஆர்129 (R129, புதிய ஐ.நா. பாதுகாப்புத் தரம்) என்றிருந்தால் நல்லது. ஆர்44 (R44, அதற்கு முந்தைய தரம்) என்றால் ஒப்புதல் எண் 04 எனத் தொடங்க வேண்டும். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய சீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

15 மாதம் வரையாவது பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன்னிருக்கையில் அப்படி வைக்கவே கூடாது.

சீட் பெல்ட்டை அதற்குரிய தடத்தில் நுழைத்து மாட்டுங்கள். கையால் சீட்டை நன்றாக அழுத்திக்கொண்டே தொய்வை இழுங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள், 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பலரும் உச்சியைப் பிடித்து ஆட்டுகிறார்கள். அது எப்படியும் கொஞ்சம் ஆடும்.

பிள்ளையை உட்கார வைத்ததும் தோளருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு சிக்கினால் தளர்வு. ஜோகன்னஸ்பர்க் குளிரில் தடித்த ஜாக்கெட்டோடு கட்டினால் இறுகுவது ஜாக்கெட்தான், பிள்ளையல்ல. கழற்றிவிட்டுக் கட்டி, மேலே போர்வை போடுங்கள். டர்பன் வெயிலிலோ பக்கிளை முதலில் தொட்டுப் பாருங்கள், சுட்டுவிடும்.