‘ஓரமாத்தான் சார் நிறுத்தியிருந்தேன்’: நெடுஞ்சாலையில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஹெல்மெட் போட வேண்டும், குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது, சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும். இதெல்லாம் எல்எல்ஆர் வாங்க வருகிறவருக்கே தெரியும் என்பதால் இங்கே விட்டுவிடலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் வருஷா வருஷம் ஒரே மாதிரி சறுக்குகிற இடங்கள் சில உண்டு. பாதிச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, மீதியை ஊகித்துச் செய்கிறவைதான் அவற்றில் அதிகம்.

போன் அடித்த இடத்திலேயே ஓரங்கட்டுவது

‘ஓட்டும்போது போன் பேசாதே’ என்று சொல்லிக்கொடுத்தால் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். ஓசூரிலிருந்து தொப்பூர் வரை 44-ஆம் எண் சாலையில் போன் எங்கே அடிக்கிறதோ அங்கேயே வண்டி இடது ஓரம் போய் நிற்கும். சட்டத்தை மதித்த திருப்தியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை தடவை சொன்னாலும் மாறாத இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கேட்டால் ஒரே பதில்: “ஓரமாத்தான் சார் நிறுத்தியிருந்தேன், இண்டிகேட்டர்கூட போட்டிருந்தேன்.”

முதலில் அந்த ‘ஓரம்’ எவ்வளவு என்று பாருங்கள். இடதுபக்க வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் தார் பட்டை பல இடங்களில் ஒன்றரை மீட்டர்தான். ஒரு சாதாரணக் காரின் உடம்பே 1.7 மீட்டர், பக்கக் கண்ணாடிகளோடு இரண்டு மீட்டரைத் தொடும். மண்ணில் இறக்காமல் நிறுத்தினால் வண்டியின் வலப்பக்கம் ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். டிரைவர் இறங்கக் கதவைத் திறந்தால் இன்னும் முக்கால் மீட்டர் போச்சு.

அடுத்தது அந்த இண்டிகேட்டர். நிற்கிற வண்டியில் இடது இண்டிகேட்டர் மட்டும் மின்னினால், பின்னால் வரும் லாரிக்காரர் ‘இவர் இடப்பக்கம் இறங்கிப் போகப்போகிறார்’ என்றுதான் நினைப்பார். வலது மின்னினால் ‘கிளம்பி உள்ளே வருகிறார்’ என்று படிப்பார். வண்டி நிற்கிறது என்று சொல்வது நான்கு விளக்கும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் மட்டும்தான். இரவில் இது இன்னும் மோசம். ஓடும் வண்டியின் டெயில் லைட்டும் நிற்கும் வண்டியின் டெயில் லைட்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். நெருங்குகிற வேகத்தை வைத்துத்தான் வித்தியாசம் புரியும். அது புரியும்போது இடைவெளி முடிந்திருக்கும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கண் சொருகி ஓட்டுகிறவர் வண்டி இடப்பக்கம்தான் ஒதுங்கும். நீங்கள் நிற்பதும் அங்கேதான்.

தொப்பூர் கணவாயில் நிறுத்துவது பற்றிக் கேட்கவே வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகளின் பிரேக் சூடேறி, பிடி தளர்ந்து வரும் இடம். 2020 டிசம்பரில் அங்கே தேங்கி நின்ற கார்கள்மீது ஒரு லாரி வந்து மோதி 4 பேர் இறந்தார்கள். அவர்கள் நின்றதற்கு வேறு வழியில்லை. செல்ஃபி எடுக்கவும் போன் பேசவும் நிற்கிறவருக்கு வழி இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்திவைப்பதைத் தடுக்கிறது. போக்குவரத்தை மறித்தால் 201-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம், வண்டியை இழுத்துப்போகும் செலவு தனி. ஐநூறுதானே என்று விட்டுவிடாதீர்கள். விளக்கில்லாமல் நிற்கும் உங்கள் காரின் பின்னால் ஒரு பைக்காரர் மோதி இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக உங்கள்மேலேயே வழக்கு வரலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அடிபட்டது நீங்களாக இருந்தாலும், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ‘நிறுத்தியவர் பேரிலும் தவறு உண்டு’ என்று பங்கு பிரித்துத் தொகையைக் குறைக்கும்.

அப்படியானால் போன் வந்தால் என்ன செய்வது? அடிக்க விடுங்கள். இந்தச் சாலையில் பத்து நிமிஷத்துக்குள் ஒரு பெட்ரோல் பங்கோ, சர்வீஸ் ரோடோ, லாரி நிறுத்தும் இடமோ வந்துவிடும். கண்ணாடியைப் பார்த்து, 200 மீட்டர் முன்பே இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பங்கின் வாயிலிலேயே நிற்காமல் உள்ளே போய் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

திரும்பக் கிளம்புவதிலும் கணக்கு இருக்கிறது. நின்ற காரை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 12 விநாடி என்று வைத்தால், அதற்குள் நீங்கள் சுமார் 130 மீட்டர் போயிருப்பீர்கள். பின்னால் அதே 80-இல் வருகிறவர் 260 மீட்டருக்கு மேல் வந்திருப்பார். வித்தியாசமே சுமார் 130 மீட்டர். ஆகவே கொஞ்சம் கூடுதலாக வைத்து, கண்ணாடியில் குறைந்தது 200 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். ஸ்கூட்டி, மொபெட் என்றால் இன்னும் கூட.

வண்டி பழுதாகி நின்றேதான் ஆக வேண்டும் என்றால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்குங்கள், ஹசார்டைப் போடுங்கள், எல்லாரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் அனுப்புங்கள். சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். வளைவு, இறக்கம் என்றால் அதைவிடத் தள்ளி. பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033. மழை பெய்தாலும் காருக்குள் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது.

ஹெல்மெட்டுக்குள் போன்

கன்னத்துக்கும் ஹெல்மெட் பஞ்சுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, ‘கையில பிடிக்கலையே’ என்று வாதாடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. போன் இடம் பிடித்ததால் ஹெல்மெட் மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்ட்ராப் மாட்ட வராது. 129-ஆம் பிரிவின்படி பட்டையால் தலையோடு இறுக்கிக் கட்டியிருந்தால்தான் அது ஹெல்மெட் அணிந்த கணக்கு. ஸ்ட்ராப் தொங்கினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் ரத்தும் வரலாம். கீழே விழுந்தால் முதலில் கழன்று உருள்வதும் அந்த ஹெல்மெட்தான்.

கையில் போன் பிடித்து ஓட்டுவது 184-ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றம். தமிழ்நாட்டில் முதல் முறை 1,000, மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் 10,000. ப்ளூடூத்தில் பேசினால் ஃபைன் தப்பலாம். பேச்சில் போன கவனம் திரும்பி வராது.

மேப் பார்ப்பது

வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியிலேயே இருக்கிறது. கவனம் சிதறக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஹோல்டரில் மாட்டி, குரல் வழிகாட்டியைப் போட்டு, போகும் ஊரை வீட்டு வாசலிலேயே பதிந்துவிடுங்கள். 80-இல் போகும்போது மூன்று விநாடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர் குருடாகப் போகிறீர்கள். வரிசையாக நிற்கும் ஐந்து பஸ்களின் நீளம்.

கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பிரிகிற இடத்தைத் தவறவிட்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டாம். நேரே போய் அடுத்த பாலத்தடியில் திரும்புங்கள். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

‘கொஞ்ச தூரம்தானே’ என்று எதிர்த்திசையில் போவது

இதுவும் 184-ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றம்தான். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறைக்குள் போக வழியுண்டு.

இறக்கத்தில் நியூட்ரல்

நியூட்ரலில் விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும்தான். மிச்சமாகும் டீசலைவிட பிரேக் லைனிங் விலை அதிகம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

போலீஸ் கை காட்டும்போது

ஃபைன் கட்ட வேண்டியதே இல்லாதவர்கூட இங்கே சிக்கலை இழுத்துக்கொள்கிறார். செக்கிங்கைப் பார்த்ததும் யு-டர்ன் அடிப்பது, சடன் பிரேக் போடுவது, சந்துக்குள் நுழைவது. பேப்பர் மறந்துவிட்டது என்ற பயத்தில் எதிரே வரும் பஸ்ஸில் போய் மோதுகிறார்கள்.

சீருடையில் இருக்கும் காவலர் நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும். லைசென்ஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்பது 130-ஆம் பிரிவு. பேப்பர் கையில் இல்லாவிட்டால் அரசின் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் காட்டினால் செல்லும். போன் கேலரியில் இருக்கும் ஆர்சி போட்டோ செல்லாது. நிறைய பேர் சண்டை போடுவது இந்த வித்தியாசம் தெரியாமல்தான்.

வண்டிச் சாவியைப் பிடுங்கும் அதிகாரம் காவலருக்குச் சட்டத்தில் தரப்படவில்லை. அதற்காக நடுரோட்டில் நின்று பிரிவு எண் சொல்லிக் கத்துவதில் பயனும் இல்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி, பெயர்ப்பட்டையைக் குறித்துக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசுங்கள். சலான் போட்டால் அதில் பிரிவு, வண்டி எண், இடம், நேரம் சரியா என்று அங்கேயே படித்துவிடுங்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் பணம் கட்டாமல் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம். ரசீது இல்லாத பணம் யாருக்கும் கொடுக்கக் கூடாது. நீங்களாக நீட்டினால் குற்றம் உங்களுடையதும்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் சலான்

கூடவே ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) இருந்தால் அது திருட்டு. தொடவே வேண்டாம். உண்மையான சலானைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், முகவரி gov.in என்று முடியும்.

அடிபட்டவரை விட்டுவிட்டுக் கிளம்புவது

விபத்தில் உங்கள் வண்டி சம்பந்தப்பட்டிருந்தால், அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வது 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்ற நிலையில் அங்கிருந்து விலகச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே தீர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ‘ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க’ என்று எஃப்ஐஆர் இல்லாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து கால் எலும்பு கூடவில்லை என்று அவர் வரும்போது இரண்டு தரப்புக்கும் கையில் ஒன்றும் இருக்காது.

வழியில் போகிறவராக உதவ நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பலாம். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதால், ‘யார் பணம் கட்டுவது’ என்று தயங்க வேண்டாம். 108-க்குப் பேசும்போது ‘காவேரிப்பட்டணம் தாண்டி’ என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் சாலையின் தப்பான பக்கத்துக்கு வந்து நிற்கும். சேலம் போகும் பக்கமா, பெங்களூரு போகும் பக்கமா என்பதையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.