1,100 வெள்ளி கப்சாய்: விற்பதா, பிரிப்பதா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் 1,100 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பழைய 110 சிசி கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்), இரண்டே வாரத்தில் நீலப் புகை கக்கியது. எஞ்சின் எண்ணெயும் மளமளவென்று குறைந்தது. முதல் மோட்டார் கடையில், பிஸ்டன், ரிங் எல்லாம் போச்சு, 850 வெள்ளி ஆகும் என்றார்கள். இன்னொருவர் வண்டியை அப்படியே 400க்கு விலைக்குக் கேட்டார். கெட்டியான எண்ணெய் ஊற்றினேன், பிளக் மாற்றினேன். நான்கு நாள் வீண். சரி, தள்ளிவிடலாம் என்று பதிவு அட்டையைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஏற்றத்தில் முறுக்கும்போது புகையே இல்லை. பாலிக் புலாவ் இறக்கத்தில் த்ராட்டிலை மூடி இறங்கி, கீழே மறுபடி முறுக்கினால்தான் குப்பென்று வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் அப்படியே. ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் அல்லவா புகைய வேண்டும்? த்ராட்டில் மூடியிருக்கும்போது உறிஞ்சும் இழுப்பு அதிகம். வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் விறைத்திருந்தால், தண்டு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கிவிடும்.

ஆயர் ஈத்தாமில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) அளந்தார். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். அளவியின் முள் அதே இடத்தில்; ரிங் போயிருந்தால், விட்ட எண்ணெய் இடைவெளியை அடைத்து முள் ஏறியிருக்கும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றி வால்வு சீல் மாற்றினார். கூலியோடு 130 வெள்ளி.

1,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, எண்ணெய் அளவு இறங்கவில்லை. பதிவு அட்டை மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது.