பிள்ளை எந்த வகுப்பு? தருமபுரியிலிருந்து மைசூருக்குக் குடிபெயர்கிறவர்களுக்கு

நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு அயலூர் இல்லை. ஓசூரில் இருந்துகொண்டு தினமும் அங்கே வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஏராளம். மைசூர் அப்படியல்ல. அங்கே வேலை கிடைத்தால் ஆண் மட்டும் தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும், இல்லையென்றால் சட்டி பானையோடு எல்லோரும் கிளம்ப வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்கு ஹெப்பால் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தபோது, பாலக்கோட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் இரண்டாவது வழியைத்தான் எடுத்தோம். இப்போது ஊரிலிருந்து யாராவது கிளம்புவதாக இருந்தால் எனக்குப் போன் வருகிறது. எல்லோரும் கேட்பது, வாடகை எவ்வளவு ஆகும் என்று. நான் திருப்பிக் கேட்பது, பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று.

காரணத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. நடுவில் ஓராண்டு வேறு மாநிலத்தில் படித்தாலும் அந்த உரிமை போய்விடும். கர்நாடகத்திலோ, பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. (நம் பன்னிரண்டாம் வகுப்பு) வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சரியாக ஏழு ஆண்டுகள். என் மகள் ஆறாம் வகுப்பைப் பாலக்கோட்டு அரசுப் பள்ளியில் முடித்துவிட்டு ஏழாம் வகுப்பில் இங்கே சேர்ந்தாள். அந்த ஒரே ஓர் ஆண்டால் அங்கேயும் ஒதுக்கீடு இல்லை, இங்கேயும் ஆண்டுக் கணக்கு நிறையவில்லை. யாராவது அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓராண்டு முன்பே வந்திருப்போம், இல்லையென்றால் அவள் பன்னிரண்டை முடிக்கும் வரை காத்திருந்திருப்போம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் வாடகையைக் கேட்பவர்களிடம் வகுப்பைக் கேட்கிறேன்.

தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். மைசூரில் ஆங்கில வழியில் சேர்த்த நாளோடு அது முடிந்தது. சாதிச் சான்றிதழும் அப்படித்தான். நம் மாநிலம் கொடுத்த சான்றிதழை வைத்துக் கர்நாடகத்தின் ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. பட்டியல் இனத்தவருக்கும் இதே நிலைதான். ஆனாலும் கிளம்பும் முன் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெளி மாநிலத்தில் படித்த பிள்ளை நாளை தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இருப்பிடச் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

என் கருத்து இதுதான்: பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருந்தால் தயங்காமல் வாருங்கள். அரசுப் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்து என்று இருந்தால், தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வசதி உள்ள வீட்டார் பிள்ளையை அங்கேயே முடிக்கவிடுவது நல்லது. பிரிந்திருப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இங்கே எந்தப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்த்தாலும் கன்னடம் உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். முதல் இரண்டு தேர்வுகளில் பிள்ளை அதில் குறைந்த மதிப்பெண்தான் எடுக்கும். திட்டாதீர்கள். எழுத்துதான் புதிது. மொழி நமக்கு ஒன்றுவிட்ட உறவு. நம் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, போ ஹோகு. புலி ஹுலி, புளி ஹுளி. நம் ‘வ’ அங்கே ‘ப’ (ஆங்கில b ஒலி) ஆகும்: வா என்பது பா, வேண்டும் என்பது பேக்கு, வேண்டாம் என்பது பேடா, வெல்லம் பெல்ல. இந்த இரண்டு வழியையும் நான் கண்டுகொண்ட பிறகு, கடைக்குப் போகும்போது வாய் தானாகத் திறந்தது. பெரியவர்களை ‘பா’ என்று கூப்பிடக் கூடாது, ‘பன்னி’ என்று சொல்ல வேண்டும். ‘வாங்க’ என்று பொருள். அடுத்த வீட்டம்மா வாசலில் நின்று ‘பன்னி, பன்னி’ என்று அன்பாக அழைக்க, என் சின்னவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். உங்கள் பிள்ளைகளுக்கு இதை லாரி ஏறும் முன்பே சொல்லிக் கொடுங்கள். ‘கன்னட கலிதா இத்தீனி’, கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும். எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து, தமக்குத் தெரிந்த தமிழில் பேச ஆரம்பிப்பார்.

வீடு பார்க்கும்போது ஆண்கள் கம்பெனிக்குப் பக்கமாகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அவருக்கு வண்டி இருக்கிறது, கூட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு மாதத்தில் மொழியும் பழக்கமும் வந்துவிடும். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளி, காய்கறிக் கடை, பஸ் நிறுத்தம் மூன்றும் வேண்டும். முதல் வீட்டை நாங்கள் ஊருக்கு வெளியே புது லே-அவுட்டில் எடுத்தோம். காலை எட்டு மணிக்குப் பிறகு பேச ஒரு முகம் கிடையாது. எட்டு மாதத்தில் குவெம்பு நகருக்கு மாறினோம். என் மனசு அப்போதுதான் மைசூரில் குடியேறியது. வாடகை சற்றுக் கூடத்தான், வீடும் சிறியது. ஆனால் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போனார்கள்.

இங்கே ‘லீஸ்’ என்று சொல்வது நம் ஊர்ப் போக்கியம்தான். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஊரில் நிலம் விற்ற பணத்தை இதில் போடவே வேண்டாம்.

மின்சாரக் கட்டணம் இங்கே மாதாமாதம். கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் வரையிலான சலுகை வாடகைக்காரர்களுக்கும் உண்டு. பில்லில் இருக்கும் ஆர்.ஆர். எண்ணோடு உங்கள் ஆதாரை இணைக்க வேண்டும். முன்பு குடியிருந்தவரின் இணைப்பை நீக்கினார்களா என்று சாவி வாங்கும் அன்றே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேஸுக்கு, ஊர் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டும் முன்பணமும் வாங்கி வாருங்கள்.

ஆதார் முகவரியை மாற்றும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து யோசியுங்கள். கர்நாடக முகவரி இருந்தால்தான் பெண்களுக்கு இங்கே அரசின் சாதாரண பஸ்ஸில் இலவசம். நம் ஊர் டவுன் பஸ் போல அல்ல, இங்கே அடையாள அட்டை கேட்காமல் விடமாட்டார்கள். மறுபக்கம், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையோடு கட்டப்பட்டது. குடும்பமே பெயர்ந்து நிரந்தரமாக வந்துவிட்டால் அட்டையை அங்கேயே வைத்துக்கொண்டிருப்பது முறையல்ல. மாமனார் மாமியார் அதே அட்டையில் ஊரில் இருந்தால் அவசரப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மைசூர் நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் இங்கே வராது. என்.பி.எச்.எச். (முன்னுரிமையில்லாத) அட்டைக்குத் தானியமும் கிடையாது. தங்குவது உறுதியானால் வாக்காளர் பெயரைப் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டி: டி.என். 29, டி.என். 24 எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்றும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். பழைய பைக் என்றால் ஊரிலேயே விற்றுவிடுங்கள். புதிய பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு அனுமதியில்லை, பக்கவாட்டுச் சாலைதான். சாமான் லாரியை ஓசூர் வழியாகவே அனுப்புங்கள். மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை வழி வரைபடத்தில் நேராகத் தெரியும், ஆனால் பாரம் ஏற்றிய வண்டிக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது. காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்களில் பஸ்கள் எல்லையோடு நின்றுவிடும். அந்த வாரம் ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அக்கம்பக்கத்தாரோடு அதைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் அந்த நாட்களில் எங்களை முதலில் விசாரித்தவர்கள் கன்னடக்காரர்கள்தான்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். நம் களி இங்கே முத்தே. நாம் அரிசி நொய் சேர்த்துக் கிண்டுவோம், இவர்கள் பெரும்பாலும் வெறும் ராகி மாவில் உருட்டுவார்கள். வரமகாலட்சுமி விரதத்தன்று மஞ்சள் குங்குமத்துக்கு அழைப்பார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போங்கள். நம் பொங்கலன்று இவர்களுக்குச் சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கலந்த தட்டு வீட்டுக்கு வரும், நீங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்புங்கள். எனக்குக் கிடைத்த மூன்று தோழிகளும் அந்தத் தட்டு வழியாக வந்தவர்கள்தான்.

தமிழ் மட்டும் நம் பொறுப்பு. பள்ளியில் கிடைக்காது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஞாயிறு காலை ஒரு மணி நேரம், ஒரு பாடம், ஒரு பக்கம் எழுத்து. என் சின்னவன் முதலில் அழுதான். இப்போது தருமபுரியில் இருக்கும் என் அம்மாவுக்குத் தானே கடிதம் எழுதுகிறான். அவர் தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் தருமபுரியிலேயே ஏறிவிடுவார், பெங்களூருவில் மாற வேண்டியதில்லை. போன முறை வந்தபோது ராகி மூட்டையோடு அந்தக் கடிதக் கட்டையும் கொண்டுவந்து, எழுத்துப் பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் திருத்தி அவனிடம் கொடுத்தார்.