பாரிஸில் சைக்கிளில் வேலைக்குச் செல்ல

ரிவோலி தெருவின் பெரும்பகுதி 2020 மே மாதம் தனியார் கார்களுக்கு மூடப்பட்டு, அங்கே சைக்கிள்களுக்கு அகலமான இடம் கிடைத்ததால், நகரின் நடுப்பகுதியில் வேலை செய்பவர்கள் சற்றுச் சுற்றாக இருந்தாலும் அந்தத் தெரு வழியாகவே செல்வது நல்லது. முதன்முறை விடுமுறை நாளொன்றில் ஓட்டிப் பார்த்து, பாதை எங்கே முடிந்து பொதுச் சாலையில் கலக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல்களில்தான் கூடுதல் கவனம் தேவை. விளக்குக்குக் கீழே, சிவப்பு விளிம்பு கொண்ட சிறிய தலைகீழ் முக்கோணப் பலகையில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் இருந்தால், நடப்பவர்களுக்கும் குறுக்கே வரும் வண்டிகளுக்கும் வழிவிட்ட பிறகு, அந்த அம்பு காட்டும் திசையில் மட்டும் சிவப்பு விளக்கிலும் போகலாம். பலகை இல்லையென்றால் நிற்கத்தான் வேண்டும்; காலை நெரிசலில் பலர் இதை மீறுவது மிகவும் வருத்தமளிக்கிறது, ஏனெனில் அதில் அடிபடுபவர்கள் நடந்து செல்பவர்களே.

இருட்டிய பின் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம். 2015 முதல் காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிச் செல்லும்போது, கதவு திடீரெனத் திறந்தாலும் இடிக்காத அளவுக்கு விலகியே ஓட்டுங்கள்.