அடுக்குமாடி வீட்டுக்குள் தைப்பொங்கல்: பாலைப் பொங்கி வழிய வைக்கும் முறை

டொரன்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்த முதல் தையில் எங்கள் பானை பொங்கவில்லை. பால் ஏறியது, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது, அப்படியே அடங்கிவிட்டது. "பொங்கலோ பொங்கல்" சொல்லக் காத்திருந்த மகள் என் முகத்தைப் பார்த்தாள். கரும்பு கிடைக்காவிட்டாலும் பொங்கல் பொங்கல்தான். இஞ்சி, மஞ்சள் இலையோடு கிடைக்காவிட்டாலும் குறையில்லை. பால் வழியாவிட்டால் மட்டும் அது பொங்கல் ஆகாது. அன்று நாங்கள் சாப்பிட்டது வெறும் சர்க்கரைப் புக்கை, அதாவது வெல்லம் போட்டுக் குழைத்த சோறு.

அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்த முறை இது. புக்கை கிண்டத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இடம்

ஊரில் அம்மம்மா முற்றம் மெழுகி, உலக்கையை வைத்து நேர்கோடு பிடித்து, அரிசி மாவால் சதுரக் கோலம் போடுவார். இங்கே பால்கனியில் நெருப்பு மூட்டக் கட்டட விதி இடம் கொடாது. கரியடுப்பையோ முகாமுக்குக் கொண்டுபோகும் வாயு அடுப்பையோ வீட்டுக்குள் ஒருபோதும் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சூரியன் தெரியும் ஜன்னல் வேண்டும். தை முதல் நாளில் டொரன்டோவில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. கிழக்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை தெற்கே தள்ளி, காலை ஏழே முக்காலுக்குப் பிறகுதான் எழும். இரண்டு நாள் முன்பே பார்த்து வையுங்கள். அந்த ஜன்னலுக்கு எதிரே தாழ்வான மேசை போட்டு, அதன்மேல் கோலம். உலக்கைக்குப் பதில் நான் சப்பாத்திக் கட்டையை வைத்துக் கோடு இழுக்கிறேன்.

அடுப்பும் பானையும்

நான் சறுக்கிய இடம் இதுதான். கண்ணாடித் தளம் போட்ட மின்னடுப்பு, தளம் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க இடையிடையே தானாக அணைந்து எரியும். நுரை ஏறும் நேரத்தில் அது அணைந்தால் எல்லாம் போயிற்று. விறகுச் சுவாலை பானையின் பக்கங்களையும் தழுவிச் சுடும். இங்கே அடி மட்டுமே சுடுகிறது. அதன்மேல் நான் வைத்ததோ அகன்ற வாய்ப் பாத்திரம்.

பால் ஏன் பொங்குகிறது என்று தெரிந்தால் வழி தெரியும். சூடாகும்போது புரதமும் கொழுப்பும் மேலே சேர்ந்து ஆடையாகின்றன. கீழிருந்து வரும் நீராவி வெளியேற முடியாமல் அந்த ஆடையை நுரையோடு தூக்குகிறது. வாய் அகன்றால் நுரை பரந்து உடைந்துவிடும். கழுத்து ஒடுங்கினால் ஏறும். ஆகவே இரண்டரை லீட்டர் பிடிக்கும், கழுத்து ஒடுங்கிய, அடி தட்டையான எவர்சில்வர் பானை போதும். பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டுமானால் மீதியை வேறு பானையில் சமையுங்கள்.

அடுப்புக்கு என் தேர்வு மேசைமேல் வைக்கும் இண்டக்ஷன் அடுப்பு, அதாவது காந்தப் புலத்தால் பானையின் அடியையே சூடாக்கும் மின்னடுப்பு. 1800 வாட் உள்ளதை வாங்குங்கள். சுவரிலுள்ள செருகியிலேயே நேரடியாகச் செருகுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். விளிம்பு உயர்ந்த பெரிய தட்டத்துக்குள் அடுப்பை வைத்து, காற்றுத் துளைகள் அடைபடாமல் சுற்றிலும் இடம் விடுங்கள்.

பால்

ஒன்டாரியோவில் பையில் வரும் 3.25 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்தான் எனக்குச் சரிவந்தது. 700 மில்லிலீட்டர் பால், 400 மில்லிலீட்டர் தகரத் தேங்காய்ப்பால், மீதி தண்ணீர். கழுத்துத் தொடங்கும் இடம்வரை ஊற்றுங்கள். வேறு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பானைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் சூரியன் வந்து போன பிறகும் பானை சும்மா இருக்கும்.

மஞ்சள் இலையைக் கழுத்தில் கட்டி, முழு வேகத்தில் வையுங்கள். கிண்டாதீர்கள், மூடாதீர்கள். சர்க்கரையை இப்போது போடவே கூடாது. வழிந்தால் கருகி ஒட்டிக்கொள்ளும்.

வழிந்தவுடன் வேகத்தைக் குறைத்து, ஒரு கோப்பைப் பாலை அள்ளி வைத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் மூன்று கை அரிசி இடட்டும். மொத்தம் 250 கிராம் பச்சையரிசி, 75 கிராம் வறுத்த பயறு. அரிசி விரலில் மசிந்த பிறகே 300 கிராம் சர்க்கரை. முன்பே போட்டால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும். கஜு (முந்திரிப் பருப்பு), முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), ஏலம் எல்லாம் உங்கள் கைப்பக்குவம்.

படைக்கும் வாழையிலைக்கு ஆசியக் கடைகளின் உறைபெட்டியில் தேடுங்கள். பனி விட்டதும் சூட்டில் லேசாக வாட்டினால் கிழியாது.

பிறகு சேர்த்தது

இரண்டு வாசகர்கள் தங்கள் பானை சூடாகவே இல்லை என்று எழுதினார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பலவற்றில் காந்தம் ஒட்டாது. அவை இண்டக்ஷனில் வேலை செய்யா. பித்தளையும் மண்பானையும் அப்படியே. குளிர்பெட்டிக் காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொருவருக்குப் பால் வழிந்ததும் அடுப்பு ஒலியெழுப்பி நின்றுவிட்டது. விரலால் தொடும் பலகை நனைந்தால் அப்படி நடக்கும். திருகு வைத்த அடுப்பு நல்லது. இருப்பது தொடும் அடுப்பென்றால் பானையைப் பலகையின் எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்வாக, ஜன்னலை நோக்கி வழியும்படி வையுங்கள். நாமும் அந்தத் திசைக்குத்தானே வழிய வேண்டும் என்று விரும்புகிறோம்.

புகை எச்சரிப்பு மணியைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது; ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம். சமையலறைக் காற்றாடியை ஓடவிட்டு, சாம்பிராணியைப் பால் பொங்கிய பிறகு ஒரே ஒரு குச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாங்கள் எங்கள் மாடியின் ஆறு வீடுகளுக்கும் சிறு கிண்ணத்தில் புக்கை கொடுக்கிறோம். கொடுக்கும்போது கஜு சேர்த்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, கஜு போடும் முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள்.