ஊட்டி வீட்டு ரேடியேட்டரும் 22 மி.மீ. குழாயும்

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். எங்கள் வீட்டில் பாய்லரில் சூடான தண்ணீர் குழாய் வழியே ரேடியேட்டர்களுக்குப் போய் அறைகளைச் சூடாக்கும். அந்தக் குளிரில் கடைசி அறை ரேடியேட்டர் மட்டும் வெதுவெதுப்பைத் தாண்டவே இல்லை. குழாயிலும் ஓயாத இரைச்சல். பம்பை மாற்றச் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான்கு ரேடியேட்டருக்கும் சேர்த்து 9 கிலோவாட் வெப்பம் வேண்டும். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒரு கிலோவாட்டுக்கு மணிக்குச் சுமார் 86 லிட்டர் ஓட வேண்டும். மொத்தம் 770 லிட்டருக்கு மேல். பாய்லரிலிருந்து எல்லா ரேடியேட்டருக்கும் பொதுவாக வரும் மெயினோ 15 மி.மீ. செம்புக் குழாய், உள்விட்டம் 13.6 தான். அதில் இவ்வளவு தண்ணீர் போக நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் வேண்டும். ஒரு மீட்டருக்குள் இருந்தால்தான் சத்தம் அடங்கும்.

மெயினை மட்டும், தண்ணீர் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும், 22 மி.மீ. ஆக்கச் சொன்னேன் பிளம்பரிடம்.

"ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் பிரியுற கிளைக் குழாயையும் மாத்திடலாமா சார்?"

"வேண்டாம்ணே, ஒரு ரேடியேட்டருக்கு 15 தாராளம்."

வேகம் 0.7 மீட்டருக்குள் வந்தது. அதே ஓட்டத்துக்கு உரசல் இழப்பு ஏழில் ஒரு பங்குதான். பெரிசாக இருந்தால் நல்லதுதானே என்று 28-க்குப் போகாதீர்கள். செலவும் கூடும், குழாயில் நிற்கும் தண்ணீர் சூடேறவும் நேரமாகும்.

அப்புறம், பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்களின் வால்வைக் கொஞ்சம் மூடிக் கடைசி அறைக்கு வழிவிட்டோம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, திறந்த தொட்டித் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் பாய்லரை 70-இல் வைத்திருக்கிறேன்.